குப்பை யாருக்குச் சொந்தம்?

பரப்பனங்காடியில் பதினோரு பெண்கள் சேர்ந்து ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். 2023-ஆம் ஆண்டு, கேரள அரசின் மான்சூன் பம்பர். சீட்டு 250 ரூபாய். ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட, மிச்சமிருந்த 25 ரூபாயை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் போட்டார்கள். ஜூலையில் குலுக்கல். முதல் பரிசு பத்துக் கோடி ரூபாய், அந்தச் சீட்டுக்கு.

பதினோரு பேரும் அந்த நகராட்சியின் ஹரித கர்ம சேனையில் இருப்பவர்கள். வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பையை வாங்கி வந்து, கிடங்கில் கொட்டிப் பிரிக்கிற வேலை. கேமராக்கள் வந்து சூழ்ந்தபோது, வேலையைத் தொடரப் போவதாகத்தான் சொன்னார்கள். பத்திரிகைகள் எல்லாம் பத்துக் கோடியைத் தலைப்பாக்கின. எனக்கு அந்தக் கடைசி வரிதான் நெஞ்சில் தங்கியது. கையில் காசு வந்த பிறகும் குப்பை வேலையில் இருப்பேன் என்று நம்மூரில் ஒருவர் சொல்லி எத்தனை பேர் கேட்டிருப்போம்?

ஹரித கர்ம சேனைக்காரர்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். வார்டுக்குக் குறைந்தது இரண்டு பேர். குறித்த நாளில் வாசலுக்கு வருவார்கள். பால் கவர், எண்ணெய்ப் பாக்கெட், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்க வேண்டும். மீன் வாடையோ ஈரமோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாதக் கட்டணம் வீட்டுக்கு 50 ரூபாய் அளவில். காய்கறித் தோலையும் மீன் செதிலையும் அவர்கள் தொடுவதே கிடையாது. அது வீட்டுக்காரர் பாடு. பிரித்த பிளாஸ்டிக்கை கிளீன் கேரளா கம்பெனி எடுத்துக்கொள்கிறது.

கூலி எந்தக் கணக்கில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு, பிரித்த சரக்குக்கு இவ்வளவு. சரக்கு சுத்தமாக இருந்தால் விலை கூடும்.

நம் பெருநகரங்களின் குப்பை ஒப்பந்தங்கள் நெடுங்காலம் வேறு கணக்கில் ஓடின: டன்னுக்கு இத்தனை ரூபாய். லாரி எடைமேடையில் ஏறும், சீட்டு விழும், பில் போகும். இந்தக் கணக்குக்கு மழைக்காலம் நல்ல காலம். நனைந்த குப்பை கனக்கும். மணல் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒரு வீட்டில் சமையலறைக் கழிவை மொட்டை மாடியிலேயே எருவாக்கினால் அன்றைய எடைச்சீட்டில் அந்த அளவு குறையும். ஊருக்கு லாபம், லாரிக்கு நட்டம். குப்பையைக் குறைக்கிற தெருக்குழுக்கள் ஏன் சில ஊர்களில் தழைக்கின்றன, ஏன் சில ஊர்களில் தினசரியில் படம் வந்த மறுவருடமே காணாமல் போகின்றன என்று தேடிப் போனால், பெரும்பாலும் இந்த எடைச்சீட்டில் வந்துதான் முட்டிக்கொள்கிறோம்.

பூட்டுப் போட்ட ஊர்

கேரளம் நல்ல மனசால் இந்த வழிக்கு வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். திருவனந்தபுரத்தின் குப்பை முழுதும் பக்கத்து ஊரான விளப்பில்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றத்தையும் கழிவுநீரையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்த ஊர், 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே முன்னின்று அங்கிருந்த குப்பை ஆலைக்குப் பூட்டுப் போட்டது. கோர்ட்டு, போலீஸ், பேச்சுவார்த்தை எல்லாம் வந்தன. பூட்டு திறக்கவில்லை. தலைநகரம் தன் குப்பையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் ஆலப்புழையின் குப்பை போய்ச் சேர்ந்த சர்வோதயபுரத்திலும் மக்கள் லாரிகளை மறித்தார்கள். கால்வாய்களுக்கும் படகு வீடுகளுக்கும் பெயர்போன ஊர், தெருமுனையெல்லாம் மூட்டை மூட்டையாகக் குப்பை. அப்போது அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. தாமஸ் ஐசக். பொருளாதாரப் பேராசிரியர், கேரளத்தின் மக்கள் திட்ட இயக்கத்தில் பழுத்தவர். 2012 நவம்பரில் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' என்ற இயக்கம் தொடங்கியது. வீடு சுத்தமானால் நகரம் சுத்தம் என்ற எளிய கணக்கு.

செய்த வேலையும் எளியதுதான். மானிய விலையில் வீட்டுக்கு வீடு சின்ன பயோகேஸ் தொட்டி. இடமில்லாத வீட்டுக்கு இரண்டு பிவிசி குழாய்கள்: மண்ணில் செங்குத்தாக நட்டு, ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததில் போட வேண்டும், இரண்டாவது நிரம்பும்போது முதலாவது எருவாகியிருக்கும். இரண்டுக்கும் வழியில்லாதவர்களுக்குத் தெருமுனையில் பொதுத் தொட்டிகள். இந்தத் தொட்டிக்குத் தும்பூர்முழி என்று பெயர். திருச்சூர் மாவட்டத்தில் அந்தப் பெயருள்ள கால்நடைப் பண்ணையில் உருவானது. பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளிவிட்ட, நாலடிக்கு நாலடிப் பெட்டி. அடியில் சாணம், மேலே சருகு, அதற்கு மேல் கழிவு, மறுபடி சாணம், சருகு. மூன்று மாதத்தில் எரு. காற்றுப் போய் வந்தால் நாற்றம் கிடையாது. சந்தைக்குப் போகிற வழியில் வாளியோடு வந்து கொட்டிவிட்டுப் போவார்கள்.

2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவு மேலாண்மையில் எடுத்துக்காட்டாக ஐந்து ஊர்களைச் சொன்னது. ஒசாகா, லியூப்லியானா, பினாங்கு, கொலம்பியாவின் கஹிகா, ஐந்தாவது ஆலப்புழை. பெரிய எந்திரம் ஒன்றுகூட வாங்காத ஊர் அந்தப் பட்டியலில் ஏறியது.

கேரளம் முழுதும் இப்படி ஆகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கொச்சி தன் குப்பையை பிரம்மபுரத்தில் மலையாகக் குவித்துக்கொண்டே இருந்தது. 2023 மார்ச் 2-ஆம் தேதி அந்த மலையில் தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் புகைந்தது; பள்ளிகளை மூடினார்கள். ஹரித கர்ம சேனைக்கு 50 ரூபாய் தர மூக்கால் அழுத பல வீடுகளில் அதன் பிறகுதான் கதவு திறந்தது.

சென்னை முன்பே கண்ட வழி

இதைப் படிக்கிற சென்னைக்காரருக்குக் கொஞ்சம் கோபம் வர வேண்டும். தெருவே சேர்ந்து வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டுக் குப்பையைப் பார்த்துக்கொள்வது, சென்னையில் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பே பரவலாக நடந்த சங்கதி.

1989-இல் எம்.பி.நிர்மல் என்ற வங்கி அதிகாரி எக்ஸ்னோராவைத் தொடங்கினார். அதன் அலகு ஒரு தெரு. தெருவாசிகள் கூடி ஒரு 'சிவிக் எக்ஸ்னோரா' அமைப்பார்கள். ஒரு மூன்று சக்கர வண்டி வாங்குவார்கள். ஏற்கெனவே அந்தப் பகுதியில் காகிதம் பொறுக்கிப் பிழைத்த இளைஞரையே வேலைக்கு வைப்பார்கள். 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபயர்' என்று அவருக்குப் பதவிப் பெயர். பெயர் கொஞ்சம் பவுடர் பூசியதுதான். ஆனால் மாதச் சம்பளம் உண்டு, பொறுக்கியெடுத்த பழைய சாமானை விற்ற காசும் அவருக்கே. வீட்டுக்குப் பத்து, இருபது ரூபாய் வசூல். வசூலுக்கு வருகிறவர் அதே தெருவில் குடியிருப்பவர். ரேஷன் கடையிலும் பிள்ளையார் கோயிலிலும் முகம் பார்க்க வேண்டியவர். எத்தனை மாதம்தான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்ல முடியும்?

குறையும் இருந்தது. தொடக்கத்தில் பல தெருக்கள் தங்கள் குப்பையை அடுத்த தெருமுனையின் மாநகராட்சித் தொட்டிக்கு மாற்றியதோடு சரி. குப்பை இடம் மாறியது, குறையவில்லை. பிரித்து எருவாக்குவது மெல்லத்தான் வந்தது. அப்படி வந்த இடங்களில் பம்மல் முக்கியமானது.

பல்லாவரத்தை ஒட்டிய பம்மல் தோல் பதனிடும் ஊர். அங்கே சங்கரா நகரில் 1994-இல் மங்களம் பாலசுப்பிரமணியன் தலைமையில் ஒரு மகளிர் மன்றம் தொடங்கியது. குடும்பத் தலைவிகள் நடத்திய மன்றம். முதலில் தெருவைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஆள் போட்டார்கள். சேர்ந்த குப்பையை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்தபோது, மண்புழு உரத்தில் இறங்கினார்கள். சாணமும் கழிவும் மாற்றி மாற்றி அடுக்கி, சூடு ஆறியபின் புழுவை விடுவது. உரத்தைச் சலித்து விற்றார்கள். ஒரு நகரில் தொடங்கியது பம்மல் பேரூர் முழுதும் பரவி, வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு வளர்ந்தது.

2000-ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று தில்லியில். அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கின் பலனாக, நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. குப்பையைப் பிரி, மக்குவதை எருவாக்கு என்று நாடு முழுமைக்கும் சட்டம் சொன்னது. இரண்டாவது சென்னையில். மூன்று மண்டலங்களின் குப்பை வேலை ஓனிக்ஸ் என்ற பன்னாட்டுக் கம்பெனிக்குப் போனது. காசு டன் கணக்கில். பிரி என்று சட்டமும், அள்ளி எடைபோடு என்று ஒப்பந்தமும் ஒரே வருடத்தில் கையெழுத்தாயின. எது நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பச்சைச் சட்டை, புது வண்டி, சக்கரம் வைத்த தொட்டி எல்லாம் வந்தன. தெரு பளிச்சென்றுதான் ஆனது. அதை மறுக்கக் கூடாது. ஆனால், 'கம்பெனி வண்டி சும்மாவே வருதே, எக்ஸ்னோராவுக்கு எதுக்குப் பணம்?' என்ற கேள்வி வீட்டு வாசலில் எழுந்தது. ஒவ்வொரு தெருவாக மூன்று சக்கர வண்டிகள் துருப்பிடித்தன. கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகளுக்குப் போன லாரிகள் மட்டும் குறையவில்லை.

கெய்ரோவில் இதே நாடகம் இன்னும் பெரிய மேடையில் நடந்தது. ஜப்பாலீன் என்று அழைக்கப்படும் குப்பைக்காரக் குடும்பங்கள் தலைமுறைகளாக வீடு வீடாகப் போய் எடுத்து, பிரித்து, விற்று, உணவு மிச்சத்தைப் பன்றிக்குப் போட்டு, சேகரித்ததில் பெரும்பகுதியை மறுபயன்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 2003-இல் ஐரோப்பியக் கம்பெனிகள் வந்தன. வீட்டு வாசலுக்குப் பதில் தெருமுனைத் தொட்டி வந்தது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பயத்தில் அரசு பன்றிகளைக் கொன்று தீர்த்தது. உணவுக் கழிவைத் தின்ன ஆளில்லாமல் தெருக்கள் நாறின.

புனேயில் எழுதப்பட்ட சொத்துப் பத்திரம்

இந்தக் கணக்கில் தோற்காமல் நின்ற இந்திய நகரம் புனே. அங்கே காரணமும் வேறு. நல்லெண்ணம் கொண்ட தெருவாசிகள் முதலில் வரவில்லை. குப்பை பொறுக்கிய பெண்களே முதலில் வந்தார்கள்.

எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பிரிவில் வேலை பார்த்த பூர்ணிமா சிக்கர்மானேயும் லக்ஷ்மி நாராயணும், 1990-களின் தொடக்கத்தில் குப்பை பொறுக்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தரப் போனார்கள். அந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது வேறு: குப்பைமேட்டில் நாயோடு மல்லுக்கட்டாமல், வீட்டிலேயே பிரித்த காகிதத்தையும் பாட்டிலையும் கையில் வாங்க ஒரு வழி. சில பகுதிகளில் வீட்டுக்காரர்களிடம் பேசி அதற்கு ஏற்பாடு ஆனது. சரியாக அந்த நேரத்தில் வண்டியோடு ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, அதே வீடுகளில் குப்பை எடுக்கத் தொடங்கினார். பெண்கள் மறித்து நின்றார்கள். குப்பையில் தங்களுக்கு முதல் உரிமை உண்டு என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது.

சுமைதூக்குவோர் சங்கம் கண்ட பாபா ஆடாவ் துணைநிற்க, 1993-இல் மாநாடு கூட்டி 'காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்' என்ற சங்கம் அமைத்தார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து. உறுப்பினர்களில் பெரும்பான்மை தலித் பெண்கள். சங்கத்தின் முதல் கோரிக்கை சம்பள உயர்வு அல்ல, அடையாள அட்டை. கையில் சாக்கோடு நடக்கிற பெண்ணைத் திருடி என்று சந்தேகித்துப் பிடிக்கிற போலீசுக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். மாநகராட்சியின் ஒப்புதலோடு அட்டை வந்தது.

2008-இல் சங்கத்தின் பெண்கள் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பாக மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கிற கவுன்சிலர் யாராவது இருந்தால் அந்த ஏற்பாட்டின் மூன்று அம்சங்களை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரர் மாதக் கட்டணத்தை வேலைசெய்கிற பெண்ணின் கையில் நேரே தருகிறார். பிரித்தெடுத்த காய்ந்த சரக்கு அந்தப் பெண்ணுக்கே சொந்தம். மாநகராட்சி தருவது கையுறை, தள்ளுவண்டி, பிரிப்பதற்கான கொட்டகை, நிர்வாகச் செலவு ஆகியவைதான். இந்த ஏற்பாட்டில் எடைமேடைக்கு வேலையே இல்லை. ஒரு பெண் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறாரோ அவ்வளவு காசு அவருக்கு. லாரிக்கு எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு மிச்சம் நகரத்துக்கு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்று அதில் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வரும்போதெல்லாம் கம்பெனிகளுக்குத் தரலாமே என்ற பேச்சு கிளம்புவதும், பெண்கள் மாநகராட்சி வாசலுக்கு வந்து உட்காருவதும் வழக்கமாகிவிட்டது.

இவர்கள் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது 2013-இல் நடந்தது. பயன்படுத்திய சானிட்டரி நாப்கினைப் பழைய பேப்பரில்கூடச் சுற்றாமல் மற்ற குப்பையோடு போடுவார்கள். அதைக் கையால் பிரிப்பவர் இந்தப் பெண்கள். கவர் வைத்து விற்கச் சொல்லி நாப்கின் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள். பதிலில்லை. அழுக்கு நாப்கின்களை மூட்டையாகக் கட்டி அந்தக் கம்பெனிகளுக்கே அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தைக்குத் தேதி கிடைப்பது கொஞ்சம் சுலபமானது. 2017-இல் வீட்டுக்காரர்களிடம் வந்தார்கள்: பேப்பரில் சுற்று, மேலே ஒரு சிவப்புப் பொட்டு வை. பிரித்துப் பார்க்காமலே தெரிந்துவிடும், கைபடாமல் ஒதுக்கிவிடலாம். ஒரு சிவப்புப் பேனாவின் செலவு.

வேலூரிலிருந்து போன வித்தை

நம் பங்கும் இதில் உண்டு. வேலூரைச் சேர்ந்த சி.சீனிவாசன், குப்பையை இரண்டாக, மூன்றாகப் பிரித்தால் போதாது, விலைபோகும் அளவுக்குப் பிரிக்க வேண்டும் என்று பல வருடம் செய்துகாட்டியவர். அவருடைய கொட்டகைகளில் மனிதருக்கு முன்னால் மாடும் கோழியும் வாத்தும் வேலைக்கு வந்துவிடும். நல்ல கீரைத்தண்டு மாட்டுக்கு. சோற்றுப் பருக்கையும் மீன்முள்ளும் கோழிக்கும் வாத்துக்கும். அவை தின்று மிஞ்சியது மாட்டுச் சாணத்தோடு எருக்குழிக்கு. தமிழ்க் கிராமத்துக் கொல்லைப்புறத்தை அப்படியே தூக்கி நகராட்சிக்குள் வைத்த மாதிரி.

இந்த முறை தமிழ்நாட்டைவிடப் பெரிய பெயரைச் சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் வாங்கியது. 2015-இல் ஆட்சியர் ரிது சைன் இருந்தபோது, நானூறுக்கும் மேற்பட்ட சுய உதவிக்குழுப் பெண்கள் 48 வார்டுகளிலும் வீடு வீடாகக் குப்பை வாங்கத் தொடங்கினார்கள். மையங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். வெள்ளை பிளாஸ்டிக் தனி, பால் வெள்ளை தனி. பாட்டில் தனி, மூடி தனி, மூடிக்குக் கீழே இருக்கும் வளையமும் தனி. கலந்து விற்றால் அடிமாட்டு விலை, தனித்தனியாக விற்றால் சரக்கு விலை என்பதைக் காயலான் கடைக்காரர் எல்லோரும் அறிவார்கள். நகராட்சி ஒன்று அதை அறிந்துகொண்டது புதுசு. ஊருக்கு வெளியே பதினைந்து ஏக்கர் அளவில் கிடந்த குப்பைமேடு பூங்காவாகிவிட்டது. 2019-இல் ஒரு கிலோ பிளாஸ்டிக் கொண்டுவருபவருக்குச் சாப்பாடு போடும் கடையும் திறந்தார்கள். டிவிக்காரர்களுக்கு அந்தக் கடைதான் பிடித்தது. ஊரை மாற்றியது அதற்கு நாலு வருடம் முன்பிருந்தே பிரித்துக்கொண்டிருந்த கைகள்.

ஒரு வாளிக்குள்

இந்த வகைபிரிப்பு எங்கே கெட்டுப்போகிறது என்று பார்க்க ஒரு சமையலறை வாளி போதும். உருளைக்கிழங்குத் தோல், ஃபில்டரிலிருந்து தட்டிய காபிச் சக்கை, மென்று போட்ட முருங்கைக்காய், சாமி படத்தில் வாடிய சாமந்தி, புளித்துப்போன தோசை மாவு. இதுவரைக்கும் இது எரு. காலையில் பால் கவரின் மூலையைக் கத்தரித்தோம் இல்லையா, அந்தச் சின்ன முக்கோணத் துண்டு இதில் விழுகிறது. கவரை எடுத்து வைத்திருப்போம். கழுவிக் காயவைத்தால் அதற்கு விலை உண்டு. துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். கொட்டகையில் உரம் சலிக்கிற பெண் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். விட்டுப்போனது வயலுக்குப் போகும். மூலையை முழுசாக வெட்டி எறியாமல் ஒரு நூல் ஒட்டும்படி வெட்டினால் தீர்ந்தது. தெருக்குழுக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்கிற முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. எத்தனை ஆயிரம் கோடித் திட்டத்திலும் இந்த வரி இருக்காது.

எருவாக்குவதும் அப்படித்தான். துளையிட்ட பழைய பெயின்ட் டப்பா, அடியில் சருகு, ஒரு கை பழைய எரு அல்லது புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். தேங்காய் நார்த்தூளோ சருகோ போட வேண்டும். இரண்டாவது வாரம் கொழுத்த புழுக்கள் நெளியும். பாதிப்பேர் அந்த நாளோடு டப்பாவைத் தெருவில் வைத்துவிடுவார்கள். அந்தப் புழுதான் வேலைக்காரன், பயப்படாதே என்று மாடிப்படி ஏறி வந்து சொல்ல அடுத்த வீட்டில் ஒருவர் இருந்தால், இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண்வாசனையோடு எரு கையில் இருக்கும். தெருக்குழு என்பது பெரும்பாலும் அந்த அடுத்த வீட்டு ஆள்தான்.

குறைப்பதில் நாம் அவ்வளவு மோசமில்லை. கல்யாணத்துக்குப் பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் தம்ளர் எடுத்தது நேற்றைய வழக்கம். கேரளத்தில் அதைப் 'பசுமை நெறி' என்று பெயரிட்டு ஆற்றுகால் பொங்காலைத் திருவிழா வரைக்கும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் மார்ட்டினா போஸ்ட்மா என்பவர் 'ரிப்பேர் கஃபே' தொடங்கினார். உடைந்த சாமானை எடுத்துக்கொண்டு போய், தெரிந்தவர் உதவியோடு அங்கேயே சரிசெய்வது. உலகம் முழுதும் பரவி, பெங்களூரிலும் 2015 முதல் நடக்கிறது. மிக்சி ரிப்பேர், குடை ரிப்பேர் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவரை அனுப்பிவிட்டு அந்த வித்தையை ஆங்கிலப் பெயரில் திரும்ப அழைத்திருக்கிறோம். வரட்டும். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. யானைக் காட்டில் கண்ணாடி உடைவதை எத்தனையோ பலகைகள் வைத்தும் நிறுத்த முடியவில்லை; பத்து ரூபாய் அந்த வேலையைச் செய்தது.

கை யாருடையது

தெருக்குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். மூங்கில் பிரஷும் துணிப்பையும் கொண்டு படம் எடுப்பவர் ஒருவர். மற்றவர் வீட்டு டயப்பரைக் கையால் ஒதுக்குகிறவர் இன்னொருவர். இரண்டாமவரின் சாதி என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். தன்னார்வம் எவ்வளவு உயர்ந்ததானாலும் குழுத் தலைவர் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனதும் நின்றுவிடும். கூலியும் உரிமையும் கூடிய வேலைதான் நிற்கும். பம்மலில் உரம் சலித்த பெண்களும் புனேயின் சங்கமும் காட்டியது அதைத்தான்.

2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். தங்கள் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தால் சம்பளம் குறையும், நிரந்தரம் என்ற கனவு போகும் என்பது அவர்கள் குறை. பதின்மூன்று நாள் கழித்து நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. நகரத்தின் குப்பையை எந்தத் தெருவில் எப்படிப் பிரிக்கலாம் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. குடியிருப்போர் சங்கங்களில் சில அவர்களுக்குத் துணையாகப் பேசின. பல சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவில் 'நாலு நாளா வண்டி வரல' என்ற செய்தியோடு விவாதம் முடிந்தது.

வட சென்னையில் மட்டும் இரண்டு தரப்பும் ஓரளவு ஒரே பக்கம் பார்க்கின்றன. கொடுங்கையூரில் சுமார் 340 ஏக்கர் குப்பைமேடு. நாற்பது வருடமாக நகரத்தில் பாதியின் குப்பையை வாங்கி, புகையைச் சுவாசித்த பகுதி. பழைய மலையைத் தோண்டிச் சலித்து அகற்றும் வேலை நடக்கிறது. அது நல்ல வேலை. கூடவே, நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றையும் அங்கே கொண்டுவர மாநகராட்சி திட்டமிட்டது. 2025 மே மாதம் வட சென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றன.

எரிஆலையை எதிர்ப்பவர்கள் புகையைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். நியாயம். எனக்கு அதன் பசி பெரிதாகத் தெரிகிறது. ஆலை கட்டியபின் அதற்கு அனுதினமும் தீனி வேண்டும், வருடக்கணக்கில். நன்றாக எரிவது காகிதமும் பிளாஸ்டிக்கும். பிரித்து விற்கிற பெண்ணுக்குச் சோறு போடுவதும் அதே காகிதமும் பிளாஸ்டிக்கும். நம் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரமான சமையலறைக் கழிவு, அது எரியாது. 1987-இல் தில்லியின் திமார்ப்பூரில் டென்மார்க் உதவியோடு நாளுக்கு 300 டன் எரிக்கும் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். வந்த குப்பையில் எரிவதற்குப் போதிய சத்தில்லை. மூன்று வாரம் அளவுக்கு ஓடி ஆலை நின்றுபோனது.

கொடுங்கையூர் ஆலை அப்படி நிற்காமல் ஓட வேண்டுமென்றால் ஈரக் குப்பையை முதலில் பிரித்தாக வேண்டும். ஈரத்தைப் பிரித்துவிட்டால் காய்ந்ததை விற்கலாம். விற்றுவிட்டால் ஆலைக்கு 2,100 டன் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒப்பந்தத்தில்தான் பதில் எழுத வேண்டும். குப்பை குறைந்த நாளுக்கும் மாநகராட்சி பணம் கட்ட வேண்டுமா, வேண்டாமா? வார்டுக் கவுன்சிலரிடம் கேட்க இந்த ஒரு கேள்வி போதும். அவரும் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.